கோவித்துக்கொண்டு போன கரடு

கீழ்க்கோம்பையின் நாற்பத்தொரு வீடுகளும் காலைக் கூழ் குடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ஊருக்குக் கிழக்கே நாற்பது ஏக்கரில் படுத்துக் கிடந்த செல்லிக்கரடு என்கிற சிறு குன்று எழுந்து, இடுப்பில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டு, தன் மேல் மண்டிக் கிடந்த உண்ணிப் புதர்களையும், வெட்டி விட்ட தைல மரக் கட்டைகளையும், அறக்கட்டளைக்காரர்கள் முந்தின நாள் நட்டுவிட்டுப் போன தகரப் பலகையையும் அப்படியே சுமந்துகொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் துரிஞ்சிப்பட்டியைப் பார்க்க நடந்து போய்விட்டது. நாலு பேர் நாலு மூலையில் பிடித்து ஜமுக்காளம் உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஊர்க்கவுண்டர் சடையன், யாரோ பந்தல் பிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னொரு கரண்டி கூழ் ஊற்றிக்கொண்டார்.

சிலம்பாயிதான் முதலில் வெளியே வந்து பார்த்தவள். பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போகிற அந்த நடையை அவள் தன் வாழ்நாளில் ஏழு தடவை நடந்திருக்கிறாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போறா," என்றாள்.

அவள் புருஷன் தீர்த்தன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லலியே," என்றான். யார் கோவித்துக்கொண்டு போனாலும் அவன் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். சிலம்பாயி ஏழு தடவை போனபோதும் அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒரு தடவை அவளைக் கேட்காமல் அவளுடைய வெள்ளாட்டைப் பிடித்து மச்சானுக்குக் கொடுத்திருந்தான், ஒரு தடவை அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டான், ஒரு தடவை உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை, அவளுக்குத்தான் அம்மாவைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கரடு ஏன் போயிற்று என்பதைப் பற்றி ஊரில் நாற்பத்தொரு கருத்துகள் இருந்தன. பதினோரு வருஷம் விடாமல் மரவள்ளி போட்டு மண்ணை உறிஞ்சியது என்றார்கள் சிலர். மாசி மாதம் புல் துளிர்க்கட்டும் என்று வைத்த தீ என்றார்கள் சிலர், வைத்தது யார் என்று மட்டும் சொல்லாமல். தகரப் பலகையில் 'பாழ்நிலம் எண் 17' என்று எழுதியிருந்ததுதான் என்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சொன்னார்கள், எந்தப் பொம்பளைதான் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு இருப்பாள் என்று கேட்டார்கள். போன இடத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாட்டன் காலத்துப் பெருமழையில் துரிஞ்சிப்பட்டி மலையிலிருந்து சரிந்து வந்து இங்கே உட்கார்ந்ததுதான் செல்லிக்கரடு. ஆகவே துரிஞ்சிப்பட்டி அதற்குப் பிறந்த வீடு, கீழ்க்கோம்பை புகுந்த வீடு. கோபம் வந்தால் வேறு எங்கே போவாள்?

இதில் ஊருக்கு ஒரு சௌகரியமும் கிடைத்தது, அதை மறைத்துப் பயனில்லை. கரடு இருந்த இடத்தில் பள்ளம் விழவில்லை. இந்தப் பக்க ஓரமும் அந்தப் பக்க ஓரமும் நகர்ந்து வந்து தையல் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டன. அதுவரை பஸ் பிடிக்க ஒரு மணி நேரம் கரடேறி இறங்கவேண்டும். இப்போது சடையக் கவுண்டரின் மாட்டுக்கொட்டகையில் இடது காலை வைத்தால் வலது கால் பஸ் நிறுத்தத்தில் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் ஆசுபத்திரிக்குச் செருப்புப் போடாமல் போய்வந்தார்கள். "போனது போவட்டும், நல்லதுக்குத்தான்," என்று சடையக் கவுண்டரே சொல்லிவிட்டு, கொட்டகையில் உட்கார்ந்தபடி டிரைவரிடம் வெற்றிலை வாங்கி வரச்சொல்லிப் பழகினார்.

பத்து நாள் கழித்துத்தான் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த ஒரு மணி நேர ஏற்றத்துக்குப் பயந்து பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத அத்தைமார்களும் மாமன்மார்களும், பஸ்ஸிலிருந்து இறங்கினால் அடுப்படி என்றதும், காலை வண்டிக்கு வந்து மாலை வண்டிக்குப் போனார்கள், சிலர் மாலை வண்டியையும் விட்டார்கள். மேய இடமில்லாத ஆடுகள் பஸ் நிறுத்தத்தில் நின்று, கால அட்டவணையைத் தின்று, கண்டக்டர் அசந்த நேரத்தில் ஏறி ஆத்தூர் வரைக்கும் போய்வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கரட்டின் தலைமாட்டில் எப்போதும் நின்றிருக்குமே ஒரு மேகம், அதுவும் அவளோடு போய்விட்டிருந்தது. ஓடை வற்றியது. கிணற்றில் வாளி தரையைத் தொட்டு டங்கென்றது.

மற்றவர்களுக்கு ஓடைக்கரையில் கொஞ்சமாவது வயல் இருந்தது. சிலம்பாயிக்கும் தீர்த்தனுக்கும் இருந்தது செல்லிக்கரட்டின் மேல் இருந்த இரண்டு ஏக்கர் மட்டும்தான். அது போய்விட்டால் அவர்களுக்கு மிச்சம் இருப்பது காப்பித் தோட்டக் கூலி வேலைதான். கல்யாணமான புதிதில் ஆறு வருஷம் குடகில் தகரக் கொட்டகையில் கிடந்து, அட்டைக்கும் மேஸ்திரிக்கும் ரத்தம் கொடுத்து, இனி இந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணி வந்தவள் அவள். அந்த மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. கோவித்துக்கொண்டு போனவளை மூன்று அமாவாசைக்குள் அழைத்து வந்தாக வேண்டும், இல்லையென்றால் உறவு அறுந்தது, அவள் பிறந்த வீட்டுக்காரி. தீர்த்தன் முதல் அமாவாசைக்கு முன்னாலேயே, மூன்றாம் அமாவாசைக்கு வண்டி அனுப்பச் சொல்லி மேஸ்திரிக்கு ஆள் விட்டுவிட்டான்.

முதலில் அழைக்கப் போனவன் அறக்கட்டளையின் அதிகாரி நவநீதன். நல்ல பையன், தொப்பி போட்டவன், கையில் வரைபடம் வைத்திருந்தான். பாழ்நிலங்களை மலைமக்களோடு சேர்ந்து மீட்டெடுக்கும் திட்டத்தில் பதினேழாம் எண் அவன் பொறுப்பு. இப்போது அவனிடம் திட்டம் இருந்தது, மக்கள் இருந்தார்கள், நிலம்தான் இல்லை. அவன் துரிஞ்சிப்பட்டிக்குப் போய், கரட்டின் முன்னால் வரைபடத்தை விரித்து, "நீங்க சட்டப்படி இருக்கவேண்டிய இடம் இது," என்று விரல் வைத்துக் காட்டினான். கரடு ஒரு கல்லை மெதுவாக உருட்டிவிட்டது. அது வந்து வரைபடத்தின் மேல், சரியாக அவன் விரல் இருந்த இடத்தில் நின்றது. விரலை அவன் எடுத்துவிட்டிருந்தான், அதுவரைக்கும் புத்திசாலிதான்.

துரிஞ்சிப்பட்டிக்காரர்கள் செல்லியை நன்றாகவே வைத்திருந்தார்கள். ஊருக்கு நடுவில் வந்து அவள் உட்கார்ந்துவிட்டதால் பத்து வீடு இந்தப் பக்கமும் பதின்மூன்று வீடு அந்தப் பக்கமுமாகப் பிரிந்து, மகளுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது என்று ஊர்ப் பெரியவள் வெள்ளச்சி குறைப்பட்டாளே தவிர, அதற்காக முகம் சுளிக்கவில்லை. மனசு நொந்து வந்த பெண்ணிடம் வேலை சொல்லக்கூடாது என்பது அங்கே கட்டாயம். ஆகவே யாரும் அவள் மேல் மண்வெட்டி வைக்கவில்லை, ஆடு ஏற்றவில்லை, ஒரு சுள்ளி ஒடிக்கவில்லை. ஒரே மாதத்தில் உண்ணிப் புதர்களுக்கு இடையில் கொழுக்கட்டைப் புல் தலைகாட்டிவிட்டது. சிலம்பாயி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பொறாமையா ஆற்றாமையா என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் அவளுக்கும் கன்னம் அப்படித்தான் உப்பியிருக்கும்.

இரண்டாம் அமாவாசைக்கு ஊரே கிளம்பியது. கொட்டு முன்னால் போக, நாற்பத்தொரு தட்டு பின்னால் போயிற்று. "அவளுக்கு என்ன புடிக்குமோ அதைக் கொண்டு போவோம்," என்று சடையக் கவுண்டர் சொல்லியிருந்தார். என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாததால், இத்தனை வருஷமாக என்ன கொடுத்தார்களோ அதையே பிடிக்கும் என்று முடிவு செய்தார்கள். பத்து மூட்டை யூரியா, முந்நூறு தைலக் கன்று, கட்டுக் கட்டாக மரவள்ளிக் குச்சி, எல்லாவற்றையும் சிவப்புக் கரைச் சேலையில் சுற்றி, மஞ்சள் குங்குமம் வைத்து, கரட்டின் காலடியில் பரப்பினார்கள். கொட்டுச் சத்தம் கேட்டுக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த செல்லி, சேலையைப் பிரித்ததும் விருட்டென்று பத்தடி பின்வாங்கி வெள்ளச்சியின் கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கோழிகள் நல்லவேளை மேயப் போயிருந்தன.

"என்னா மாப்ளைங்களா," என்றாள் வெள்ளச்சி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "எதுக்குப் பயந்து ஓடியாந்தாளோ அதையே சீர் தூக்கியாந்திருக்கீங்க. போயி மூஞ்சியக் கழுவிக்கிட்டு வாங்க."

திரும்பி வரும் வழியில் தீர்த்தன் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு புலம்பினான். "சீர் குடுத்தாகூட வரமாட்டேன்னா எப்புடி? நீ போனப்பல்லாம் நான் ஒரு கவுளி வெத்தலை வாங்கியாந்தேன், நீ வரலியா?"

"எனக்கு வெத்தலை புடிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

தீர்த்தன் நின்றான். "புடிக்காதா?"

"வாயில வெச்சாலே தல சுத்தும். எங்கம்மாதான் போடும். அதுக்குப் பத்து நாளைக்கு ஆச்சுன்னு என்னைத் தொரத்திவுட்டுச்சு."

ஏழு கவுளி வெற்றிலையும் மாமியார் வாய்க்குப் போயிருக்கிறது என்பதை ஜீரணிக்க தீர்த்தனுக்கு மலை இறங்கும் வரை நேரம் பிடித்தது. ஊர் எல்லை வந்ததும், "அப்ப என்னதான் புடிக்கும்?" என்று கேட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் அவன் முதல் தடவையாகக் கேட்பது. சிலம்பாயிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றைக்கே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

மூன்றாம் அமாவாசை அன்று காலையில், மேஸ்திரி அனுப்பிய வேன் பஸ் நிறுத்தத்தில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் மண்வெட்டியையும் தீர்த்தனையும் இழுத்துக்கொண்டு துரிஞ்சிப்பட்டிக்குப் போய், வெள்ளச்சியின் வாசலில் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"அவ வரவேணாம். நாங்க வந்துட்டோம். வூட்டோட மாப்பிள்ளையா."

தீர்த்தன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்டாட்டி வரமாட்டேன் என்று சாதித்தால் புருஷன் அவள் வீட்டுக்குப் போய் மூன்று மழைக்காலம் உழைத்துத் தன்னை நிரூபிக்கலாம் என்று அந்த மலைகளில் ஒரு விதி இருந்தது. உழைக்கிற காலம் வரை அமாவாசைக் கணக்கு நிற்கும். ஆனால் அவமானத்துக்குப் பயந்து மூன்று தலைமுறையாக யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. வெள்ளச்சிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை யோகம் இல்லை என்று ஜோசியன் சொல்லியிருந்தான்.

"அப்ப விதியச் சொல்லிடறேன்," என்றாள். "சொன்ன வேலைய செய்யணும். போட்ட சோத்தத் திங்கணும், உப்பு ஒறைப்பு சொல்லக்கூடாது. மூணாவது, எப்போ வருவான்னு கேக்கக்கூடாது. எப்போன்னு ஒரு தடவை வாயில வந்தா, ஒரு உண்ணிப் புதரு வேரோட புடுங்கணும்."

"அது எப்போல இருந்து?" என்றான் தீர்த்தன்.

முதல் புதரை அவன்தான் பிடுங்கினான்.

உண்ணியைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேலே வெட்டினால் பத்தாக முளைக்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே மண்ணைத் தோண்டி அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்கும்படி வைக்கவேண்டும், அப்போதுதான் சாகும். முள் கையைக் கிழிக்கும், நாற்றம் மூக்கில் ஏறும். சிலம்பாயியும் தீர்த்தனும் ஒரு வாரம் தனியாகச் செய்தார்கள். எட்டாம் நாள் நவநீதன் தொப்பியோடு வந்தான். திட்டத்தை ஊர் மாற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தான், தலைமை அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லையாம்.

"அக்கா, ஒரே ஒரு தகவல். அறிக்கையில இலக்குத் தேதின்னு ஒரு கட்டம் இருக்கு. இது எப்போ முடியும்?"

சிலம்பாயி ஒரு புதரைக் காட்டினாள். அவன் அன்று மாலைக்குள் பதினாறு தடவை கேட்டுவிட்டான். முதல் காலாண்டு, அரையாண்டு, நிதியாண்டு என்று அவன் வேலையே அந்தக் கேள்வியாக இருந்தது, பாவம், அவன் என்ன செய்வான். முதல் மழைக்காலம் முடிவதற்குள் நவநீதன் தனி ஆளாக மூன்று ஏக்கரைச் சுத்தம் செய்திருந்தான். தொப்பி போயிருந்தது, உள்ளங்கையில் காய்ப்பு வந்திருந்தது, இலக்குத் தேதிக் கட்டத்தில் 'மாமியார் வீட்டு விதிப்படி' என்று எழுதி அனுப்பியிருந்தான்.

கிணறு வற்றி, அத்தைமார்கள் பெருகி, ஆட்டைத் தேடி ஆத்தூருக்கு அலைந்து சலித்த கீழ்க்கோம்பைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சடையக் கவுண்டர் வந்தார். அவர் தந்திரக்காரர். "இந்த வருச கடைசிக்குள்ளன்னு பேசிக்கிறாங்க," என்று காற்றைப் பார்த்துச் சொல்வார். "மனுசன் ஆயுசு கம்மிதான பாருங்க," என்பார். வெள்ளச்சி அதற்கெல்லாம் ஒரு புதர், பெருமூச்சுக்கு அரைப் புதர் என்று விதித்தாள். அப்படித்தான் நாற்பது ஏக்கர் உண்ணியும் ஒழிந்தது. பொறுமையால் ஒழிந்தது என்று அறக்கட்டளையின் ஆண்டு மலரில் போட்டிருந்தார்கள், அது முழுப் பொய்.

செல்லிக்குப் பிடித்தது என்ன என்பது பிறந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயசில் வேங்கையும் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் போட்டுக்கொண்டிருந்தாள் என்றார்கள். மேலைக்காட்டிலிருந்து விதை கொண்டு வந்தார்கள். கீழ்க்கோம்பையின் கிழவர்களும் மெல்ல வாயைத் திறந்து, இந்த வளைவில் அத்தி நின்றது, அந்தப் பாறை இடுக்கில் மூங்கில் நின்றது, தண்ணீர் இந்த வழியாக இறங்காது அந்த வழியாகத்தான் இறங்கும் என்று சொல்லத் தொடங்கினார்கள். இவ்வளவும் தெரிந்தா மரவள்ளி போட்டீர்கள் என்று நவநீதன் கேட்டான். "யாரு கேட்டாங்க?" என்றார்கள். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினார்கள், குழி வெட்டினார்கள், புல் விதையைச் சாணத்தில் உருட்டி எறிந்தார்கள். மண்வெட்டி சரியான இடத்தில் விழுந்தால் கரடு லேசாக நெளிந்து கொடுக்கும், முதுகு சொறிந்துவிட்ட எருமை மாதிரி. தப்பான இடத்தில் விழுந்தால் மண்வெட்டி திரும்பி வராது.

சிலம்பாயி அந்த நாட்களில் ஒரு திருட்டுத்தனமும் செய்தாள், அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். எல்லார் நிலத்துக்கும் எல்லைக்கல் கரட்டின் மேலேயே இருந்தது. அவளுடையது ஒரு மூலை உடைந்த கல். ஊர் நிழலில் படுத்திருக்கும் மத்தியான நேரத்தில் அவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அந்தக் கல்லைச் சுற்றி மட்டும் ஊற்றினாள். நல்ல விதையாகப் பொறுக்கி அந்த இரண்டு ஏக்கருக்குள் மட்டும் ஊன்றினாள். செல்லி திரும்பி வந்தால் தன் பங்கு முதலில் தேறவேண்டும், காப்பித் தோட்டத்து வேன் மறுபடி வந்து ஹாரன் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மத்தியானம் நிமிர்ந்து பார்த்தால், சடையக் கவுண்டர் தன் கல்லுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார், அதற்கு மேலே இன்னொருவர், அதற்கும் மேலே இன்னொருவர். நாற்பத்தொரு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

வெள்ளச்சி கீழேயிருந்து கத்தினாள். "ஏம்மா சிலம்பாயி, பொண்ணோட ஒரு கைக்கு மட்டும் எண்ணெய் தேச்சுவுட்டா போதுமா? மத்த கையி என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்றைக்கு மட்டும் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து மேலே இருந்து கீழே வரிசையாக ஊற்றினார்கள். தன் கல்லைத் தாண்டிப் போகும்போது சிலம்பாயிக்கு ஒவ்வொரு தடவையும் குடம் தானாகச் சாயப் பார்க்கும், இழுத்துப் பிடித்துக்கொண்டு போவாள்.

மூன்றாம் மழைக்காலம் முடிந்தபோது செல்லிக்கரட்டில் புல் இடுப்பளவு நின்றது. வேங்கை ஆள் உயரம் வந்திருந்தது. காடைகள் குடும்பத்தோடு வந்து குடியேறியிருந்தன. மேகம் தலைமாட்டில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுத்தது, துரிஞ்சிப்பட்டியில் புதிதாக ஓர் ஓடை ஓடியது. அப்போதுதான் வம்பு வந்தது. கீழ்க்கோம்பைக்காரர்கள் குளித்து முழுகி, தலை சீவி, அழைத்துப் போக வந்து நின்றார்கள். துரிஞ்சிப்பட்டிக்காரர்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க பொண்ணு. எங்கியும் வரமாட்டா," என்றாள் வெள்ளச்சி.

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார் சடையக் கவுண்டர். "மூணு மழை ஒழைச்சோம். உப்பில்லாத கொழம்பத் தின்னோம்."

"என் கொழம்புல உப்பில்லையா?"

அதற்கப்புறம் பேச்சு நிலத்தைப் பற்றி இல்லை. எலும்பும் தோலுமாக ஓடி வந்தபோது எங்கே போனீர்கள் என்று துரிஞ்சிப்பட்டிக்காரர்களும், தேற்றியது யார் கை என்று கீழ்க்கோம்பைக்காரர்களும், தாத்தா காலத்துச் சண்டையையெல்லாம் கிளறி, வேட்டியை மடித்துக் கட்டி, இன்னும் ஒரு வார்த்தை போனால் கைகலப்பு என்கிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். நவநீதன் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று மேலே கையைத் தூக்கினான், இரண்டு பக்கமும் அவனைத் திட்டின. சிலம்பாயி கூட்டத்தில் நிற்கவில்லை. அவள் கரட்டின் அடிவாரத்தில் உட்கார்ந்து, பேசுவோர் யாருக்கும் கேட்காத குரலில், "நீ யாரு சொல்றதையும் கேக்காத. உனக்கு எங்க இருக்கணும்னு தோணுதோ அங்க இரு," என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே பயமாகிவிட்டது. தன் சோற்றில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டோமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜமுக்காளம் உதறுகிற சத்தம் கேட்டது. சண்டை நின்றது. செல்லி எழுந்தாள், ஒரு தடவை நன்றாக உடம்பைக் குலுக்கினாள், நாற்பத்தொரு எல்லைக்கல்லும் பொலபொலவென்று கழன்று கீழே குவியலாக விழுந்தன. பிறகு வேங்கையும் புல்லும் காடையும் மேகமுமாக நடந்தாள். துரிஞ்சிப்பட்டியைத் தாண்டினாள். கீழ்க்கோம்பைக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். கீழ்க்கோம்பைக்கு வரவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத மொட்டைப் பொட்டலில், எந்த ஊர் வாசலையும் பார்க்காமல் தெற்கே முகம் வைத்து, மெதுவாக, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

மடித்துக் கட்டிய வேட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"தனிக்குடித்தனம் போயிட்டா," என்றாள் வெள்ளச்சி. அவள் குரலில் பாதி அழுகை, பாதி பெருமை. அதற்கு மேல் சண்டை போட எதுவும் இருக்கவில்லை. தனிக்குடித்தனம் போனவளை எந்தப் பக்கமும் கூப்பிட முடியாது, அவள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் போய்வரலாம், கையை வீசிக்கொண்டு போகக்கூடாது, உழைக்கப் போகலாம், கொடுத்ததை வாங்கி வரலாம். ஓடை இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊருக்கும் இறங்கியது. பஸ் நிறுத்தம் மட்டும் சடையக் கவுண்டரின் கொட்டகையிலேயே நின்றுவிட்டது, அத்தைமார்கள் இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் ஊரெல்லாம் குவியலில் தங்கள் தங்கள் கல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது, சிலம்பாயி தன் மூலை உடைந்த கல்லைச் சும்மாடு கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு, தன் இரண்டு ஏக்கரைத் தேடிக் கரட்டின் மேல் ஏறினாள். உட்காரும்போது செல்லி திரும்பி உட்கார்ந்திருந்தாள். மேல் கீழாகவும் கிழக்கு வடக்காகவும் மாறியிருந்தது. ஒரு வளைவைப் பார்த்தால் அதுதான் தன் நிலம் என்று தோன்றியது, இறக்கி வைக்கப் போனால் அடுத்த வளைவு அதைவிடத் தன்னுடையதாகத் தெரிந்தது. எந்த இடத்தில் நின்றாலும் அவள் தண்ணீர் ஊற்றிய நெல்லி நின்றது. எந்தக் குழியைப் பார்த்தாலும் அவள் வெட்டிய மாதிரியே இருந்தது. கல்லை நட ஒரு முழம் வெற்றிடம் கிடைக்கவில்லை, எங்கே கடப்பாரை போட்டாலும் ஏதாவது ஒரு கன்றின் கழுத்தில் விழும். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. கழுத்து வலித்தது. நிலம் இல்லாதவளாகிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு அழுகை முட்டியது. அழலாம் என்று கல்லைக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் நல்ல நிழலாக இருந்தது, கைக்கெட்டிய கிளையில் நாலைந்து நெல்லிக்காய் தொங்கியது, அழுகை வந்த வழியே போய்விட்டது.

கீழேயிருந்து தீர்த்தன் தூக்குப் பாத்திரத்தோடு ஏறி வந்தான், இடுப்புக்குக் கீழே புல் மறைத்திருந்தது.

"ஏ புள்ள! நம்ம எடம் கெடைச்சுதா?"

"கெடைக்கல!"

அவன் மூச்சு வாங்க வந்து நின்று, அவளையும் கல்லையும் பார்த்தான், நாலா பக்கமும் பார்த்தான். "அப்ப நம்ம ரெண்டு ஏக்கரு?"

"இதுக்குள்ளதான் எங்கியோ இருக்குது," என்று சொல்லி, சிலம்பாயி கல்லில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "மொதல்ல சோத்தப் போடு."